நம்ம ஆளுங்க

காலையில் காபிக்கு முன் வயிற்றைத் தடவிக்கொடுத்துப் பேசுவது, செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குடியிருப்புக் குமிழியில் வசிக்கும் அம்சவேணியின் வழக்கம். "நீங்கள்லாம் நம்ம ஆளுங்க. பயப்படாதீங்க" என்பாள், குடலில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளைப் பார்த்து. அதைக் கேட்டுக்கொண்டிருப்பது தணிப்பான்.

உடம்பில் சண்டைக்கார அணுக்கள் உண்டு. அவற்றை இழுத்துப் பிடிக்கும் தணிப்பு அணுக்களும் உண்டு. அவளுக்குத் தணிப்பு அணுக்கள் குறைந்துபோய், மற்றவை அப்பாவி நுண்ணுயிரிகளை அடிக்கப் போய்க் குடலையே புண்ணாக்கிவிட்டன. குடற்சுவரில் பதித்த தணிப்பான் என்ற கருவி உடையவரின் குரலுக்கு மட்டும் கட்டுப்படும். 'நம்ம ஆள்' என்றால் தணிப்பு அணுக்களைப் பெருக்கும். 'வெளியாள்' என்றால் சண்டைக்காரர்களை அவிழ்த்துவிடும். விஷக்கிருமி வந்தால் வேண்டுமே என்று வைத்த ஏற்பாடு.

இத்தனைக்குப் பிறகும் நோய் அடங்கவில்லை. "இன்னொரு தடவை ரத்தம் வந்தா, குடலை வெட்டி எடுக்கிறதைத் தவிர வழியில்ல மேடம்" என்று டாக்டர் நாசர் சொல்லியிருந்தார்.

அன்று குடியிருப்போர் சங்கக் கூட்டம். தலைவி அம்சவேணிதான். நான்காம் குமிழி விரிசல்விட்டபோது ஓடிவந்து இங்கே நடைபாதையில் தங்கிய குடும்பங்களை, காற்று கசியும் அந்தக் குமிழிக்கே திருப்பி அனுப்பத் தீர்மானம். அவர்களில் ஒருத்தி கைக்குழந்தையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த வெளியாளுங்களால..." என்று தொடங்கியதுமே அம்சவேணிக்கு அடிவயிற்றைக் கத்தியால் கிழித்ததுபோல வலித்தது. உயிர்ப்பயம் வந்துவிட்டது. காதுப்பேசியில் டாக்டரைப் பிடித்தாள்.

"இப்ப என்ன பேசினீங்க?"

சொன்னாள்.

"அய்யோ, அந்த வார்த்தையை விடுங்க மேடம்! தணிப்பானுக்குக் குமிழி எது, குடல் எதுன்னு தெரியாது. உங்க குரல்தான் தெரியும். உடனே மாத்திச் சொல்லுங்க!"

அம்சவேணி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும்... நம்ம ஆளுங்கதான்."

வலி மெல்ல வடிந்தது. வாசலில் நின்றவள் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு அழுதாள். கூட்டம் கொதித்தது.

"என்ன தலைவரம்மா, கட்சி மாறிட்டீங்களா?"

"சேச்சே, நான் வயித்துக்குச் சொன்னேன்" என்றாள் அம்சவேணி. செயலாளர் கோதண்டத்தைக் கூப்பிட்டாள். "எனக்குத் தொண்டை சரியில்ல. தீர்மானத்தை நீங்களே படிச்சிருங்க."

கோதண்டம் கணீரென்று படித்தார். வரிக்கு வரி 'வெளியாள்' வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் எல்லாக் கைகளும் உயர்ந்தன.

அம்சவேணியும் தூக்கினாள். கை தூக்குவது தணிப்பானுக்குக் கேட்காது. வயிறு சொகுசாகத்தான் இருந்தது.