பதினோராம் நம்பர் வீட்டுப் பூசணி

விளக்கு வைக்கும் நேரத்தில் தெருக்கதவைச் சாத்துகிறவர்களை ஜெயசுதா இதுவரை பார்த்ததில்லை. மகாலட்சுமி வருகிற நேரமாயிற்றே! கள்ளக்குறிச்சியில் ஒற்றை அறையில் குடியிருந்தபோதுகூட அவள் அந்த நேரத்தில் கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள். சங்கராபுரம் சாலையை ஒட்டிய இந்தப் புது நகரில் இன்று ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. காற்றே இல்லை, ஆனாலும் தெருவை ஒட்டிய கரும்புக் கொல்லைக்குள் காய்ந்த சோகை சரசரத்துக்கொண்டே இருந்தது, தோண்டிப் போட்ட ஈர மண்ணின் நாற்றம் தெரு முழுக்க அடித்தது.

கையில் குடியிருப்போர் சங்கத்தின் நோட்டீஸ். வீட்டு முகப்பில் திருஷ்டிப் பூசணி தொங்கக் கூடாதாம். காலையில் ஒட்டினார்கள். மதியம் அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் வீரமுத்து ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். புதுமனை புகுந்த அன்று கட்டிய பூசணி அது. மற்ற வீடுகளில் எல்லாம் பல்லை இளித்துக்கொண்டு தொங்குகிறதே, அது இவர்கள் கண்ணில் படாதா? ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வயது மகள் தனுஷாவிடம், "விளக்கு அணையாம பாத்துக்கோடி, கதவு தொறந்தே இருக்கட்டும், தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, சங்கச் செயலாளர் தெய்வசிகாமணியின் வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தாள்.

அவர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் மட்டும் நாலு விரற்கடை திறந்தது.

"ரூலுன்னா ரூலுதாம்மா. வூட்டுக்குப் போங்க."

"உங்க வூட்ல தொங்குதே! இன்னாங்க நியாயம் இது?"

அவர் பார்வை அவள் மேல் இல்லை. அவள் தோளைத் தாண்டி, கொல்லைப் பக்கம் இருந்தது. முகம் வேர்த்திருந்தது.

"வருஷத்துக்கு ஒரு வூடும்மா. அது எங்கனா ஒரு எடத்துக்குப் போயித்தான் ஆவணும். போன வருஷம் ஆறாம் நம்பரு. இந்த வாட்டி, புதுசா வந்தவங்க வூடுன்னு கமிட்டில முடிவு பண்ணிட்டோம்."

"எதுங்க போவணும்?"

"கதவ சாத்திக்கினுதான வந்தீங்க?"

ஜன்னல் மூடிக்கொண்டது.

ஆறாம் நம்பர். பூட்டு துருவேறிய வீடு. வாசலில் இன்னும் இரண்டு குழந்தைச் செருப்புகள் கிடக்கும். வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போயிருப்பார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஜெயசுதா ஓடினாள். கதவுகளைத் தட்டிக்கொண்டே ஓடினாள். உள்ளே ஆட்கள் மூச்சு விடுவது கேட்டது. ஒருவரும் திறக்கவில்லை. கயிற்றில் தொங்கிய பூசணிகள் எல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தன.

கொல்லையில் சரசரப்பு நின்றுவிட்டிருந்தது.

பதினோராம் நம்பர், அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. படியில் ஈர மண்.

"தனு! கதவத் தொற! அம்மாடி!"

உள்ளே குழந்தை சிரித்தது.

"அம்மா, வெளிய யாரோ உன்ன மாதிரியே கூப்புடறாங்கம்மா."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. தனுஷா யாரோ ஒருத்தியின் மடியில் படுத்திருந்தாள். ஜெயசுதா உடுத்தியிருந்த அதே பச்சைச் சேலை. அதே வளையல். மண் அப்பிய விரல்கள் குழந்தையின் தலையைக் கோதின.

அது நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு கையை நீட்டி விளக்கை அணைத்தது.