ஜன்னலுக்கு வெளியே ஒரு காது

கட்டடத்தின் சொந்தக்காரர் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம். தரையில் பித்தளைப் பூச்சாடி.

பெண் இன்ஸ்பெக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாவது தடவையாக ஜன்னல் பக்கம் போய்த் திரும்பினார்.

காலையில் அங்கே இருந்தது இரண்டே பேர்.

ஒருவர், இறந்தவரின் மைத்துனர். ஜன்னலோரம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாராம். 'என்னை ஏமாத்திட்டியேடா' என்ற அத்தானின் குரல் காதில் விழுந்ததாம். பிறகு தொப்பென்று ஒரு சத்தம். வாசலைச் சுற்றி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

"ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கலையா?"

"பார்த்தேன் மேடம்... என் மூஞ்சிதான் தெரிஞ்சுது."

உண்மைதான். கண்ணாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சு. பகலில் வெளியே நின்றால் தலை வாரிக்கொள்ளலாம்.

இன்னொருவர், போன மாதம் அந்த ஜன்னல்களை மாட்டிய கான்ட்ராக்டர். மொட்டை மாடியில் அளவெடுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

"இது ரெண்டு அடுக்குக் கண்ணாடி மேடம். நடுவுல கேஸ் அடைச்சிருக்கு. வெளிச் சூடு உள்ள வராது, ஏசி குளிர் வெளிய போகாது. பக்கத்துல இடி விழுந்தாக்கூடக் கேக்காது. இவருக்குப் பேச்சே கேட்டுச்சாம்..." உதட்டைப் பிதுக்கினார்.

மைத்துனரின் முகம் வெளிறியது. சொத்துக்கு அடுத்த வாரிசும் அவர்தான்.

கைது செய்துவிடலாம். ஆனால்... பொய் சொல்கிறவன் எவன் பேரையாவது சேர்த்தல்லவா சொல்லியிருப்பான்?

இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிளை அறைக்குள் நிறுத்தி ஜன்னலை இறுக்கச் சாத்தச் சொன்னார். இரண்டு நிமிஷம் கழித்துத் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று உத்தரவு. மற்ற இருவரையும் தோட்டத்துக்கு அழைத்து வந்தார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பசி உயிர் போகுது... இந்தம்மா கண்ணாடியைக் கட்டிக்கிட்டு அழறாங்க..."

கான்ஸ்டபிள், மனைவியிடம் செல்போனில். ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டது!

இன்ஸ்பெக்டர் பேனாக் கத்தியால் ஜன்னல் சட்டத்தின் ரப்பரை நெம்பினார். உள்ளே ஒற்றைக் கண்ணாடி. ஓரத்தில் மட்டும் அலுமினியப் பட்டை ஒட்டி, இரண்டு அடுக்கு போல வேஷம். இறந்துபோன பெரியவர் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

கான்ட்ராக்டருக்கு வியர்த்தது.

"கண்ணாடியில ஏமாத்தினது நிஜம் மேடம். ஆனா இவர் சொல்றது பொய். பெரியவர் மெதுவாத்தான் கேட்டார்... தோட்டம் வரைக்கும் எப்படி..."

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மொட்டை மாடியில் இருந்தவருக்கு, பெரியவர் மெதுவாகக் கேட்டது எப்படித் தெரியும்? அந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கான்ஸ்டபிள் விலங்கை எடுத்து வந்தார்.

ஜீப் கதவைச் சாத்தும்போது இன்ஸ்பெக்டர் குனிந்து சொன்னார்.

"கவலைப்படாதீங்க. இனிமே நீங்க இருக்கப்போற ரூம்ல கண்ணாடித் தொல்லையே கிடையாது... வெறும் கம்பிதான்."