பிரகாஷ்2

நான் எதையும் மூன்று முறை சரிபார்ப்பேன். அப்படியும் சந்தேகம் தீராது. அதனாலேயே மாலை வகுப்பின் பெயர்ப் பட்டியலைக் கணினியில் தட்டும் வேலையை, எங்களுக்குப் பாடம் நடத்தும் சோபனா அக்கா எனக்குக் கொடுத்தார். அதிலும் ஒரு தப்பு செய்துவிட்டேன்.

எங்கள் ஒதியம்பட்டு கம்ப்யூட்டர் வகுப்பில் இரண்டு பிரகாஷ்கள். குழப்பம் வரக்கூடாதே என்று 'பிரகாஷ்1', 'பிரகாஷ்2' என்று தட்டினேன். பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். அன்றே கேலி தொடங்கிவிட்டது.

"டேய் ரெண்டு, நவுருடா!"

"ரெண்டு, என் தண்ணி பாட்டில எட்தாடா!"

அதிகமாகக் கத்தியது பிரகாஷ்1தான்.

பிரகாஷ்2 முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டான். நேற்று சனிக்கிழமை, என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"வெண்ணிலா, நாளைக்குக் குடுக்கிற சர்டிபிகேட்லயும் ரெண்டுன்னுதான் வருமா? மாட்டறதுக்கு எங்கம்மா இப்பவே ஆணி அடிச்சிட்டாங்க."

என் பட்டியலில் இருப்பதுதான் சான்றிதழில் அச்சாகும். ஆறு மணிக்கு அவன் அப்பா அல்போன்ஸ் மாமா பென்டிரைவை வாங்கிக்கொண்டு வில்லியனூர் ஜெராக்ஸ் கடைக்குப் போவார். அப்போது மணி ஐந்து இருபது. சோபனா அக்கா பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகளோடு இருந்தார்.

"மாத்திடலாம், உட்காரு," என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கை தரவில்லை.

அவன் பெயர் பதினோரு இடங்களில் இருந்தது. கையால் மாற்றினால் ஒன்றையாவது விட்டுவிடுவேன். அந்த வாரம்தான் 'ரீப்ளேஸ்' என்ற கட்டளையைப் படித்திருந்தோம். ஓர் எழுத்தையோ சொல்லையோ சொன்னால், அது இருக்கும் இடத்திலெல்லாம் நாம் கேட்பதைப் போட்டுத் தரும்.

முதலில் பட்டியலை நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு, '2' இருக்கும் இடத்தில் ஒன்றும் இல்லாமல் செய் என்று கட்டளை எழுதி ஓட்டினேன்.

பிரகாஷ்2 அப்படியே இருந்தான்!

என் நோட்டைப் புரட்டினேன். அதில் நானே எழுதியிருந்தேன்: 'ரீப்ளேஸ் பழைய வரியைத் தொடாது. புது வரி ஒன்று தரும். அதை வாங்கிப் பழையதன் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.' நான் வாங்கி வைக்கவில்லை.

வாங்கி வைத்து, மறுபடி ஓட்டினேன். இரண்டு காணாமல் போனது. கைதட்டப் போனேன்.

"இன்னாடி இது! எனக்கு ஒரு வயசுன்னு போட்டிருக்கு!"

பட்டியலில் இருந்த எல்லா இரண்டும் ஓடிப்போயிருந்தன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு வயதுக் குழந்தைகள். விழா நாள் 22.02.2026 என்பது .0.06 ஆகிவிட்டது.

பிரகாஷ்1 எட்டிப் பார்த்தான். "நானும் ஒரு வயசா? அப்ப நாளைக்கு மேடைக்கு என்னை யாரு தூக்கிட்டுப் போறது?"

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மணி ஐந்து ஐம்பது.

நகலைத் திறந்து யோசித்தேன். தனி இரண்டைத் தேடியதுதான் தப்பு. 'பிரகாஷ்2' என்று முழுசாகத் தேடினால் வயதும் தேதியும் பிழைக்கும். அதன் இடத்தில் என்ன போடுவது?

"உன் முழுப் பேர் இன்னாடா?"

"லூர்து பிரகாஷ்."

"உன்னோடது?"

"ஆரோக்கிய பிரகாஷ். ஆனா எனக்கு ஒண்ணே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு," என்றான் பிரகாஷ்1.

"உங்க வூட்டுக்கு வர்றவங்க அதை உன் மார்க்குன்னு நெனச்சுப்பாங்களே?"

"மாத்து, மாத்து! சீக்கிரம் மாத்து!"

இரண்டு பெயர்களையும் மாற்றினேன். வாங்கி வைத்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். நான்காவது முறை பார்க்கும்போது வாசலில் அல்போன்ஸ் மாமாவின் ஹாரன் கேட்டது.

இன்று விழா. சோபனா அக்கா மைக்கில் "லூர்து பிரகாஷ்!" என்று கூப்பிட்டதும் முதலில் விசில் அடித்தது ஆரோக்கிய பிரகாஷ்தான்.

லூர்து சான்றிதழோடு நேராக என்னிடம் வந்தான். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன்.

"வயசு பன்னெண்டு," என்று சிரித்தான். "இந்த ரெண்டு மட்டும் இருக்கட்டும்."