பாக்குவெட்டி இல்லாத படம்

கேமராத் திரையில் அந்த மஞ்சள் கட்டம் பிள்ளையின் முகத்தில் நிற்கவே மாட்டேன் என்றது. கேமரா தானாகவே முகத்தைத் தேடிப் பிடிக்கும் என்று கட்டாரில் வேலை செய்யும் புருஷன் முஸ்தாக் சொல்லிக் கொடுத்திருந்தான். றுமானா எப்படித் திருப்பிப் பார்த்தாலும், கட்டம் கட்டிலில் கிடந்த மகளை விட்டுவிட்டு, அலுமாரிக்குப் பக்கத்திலிருந்த வெறும் இருட்டில் போய் நின்றது. பழகாத கை, வேறென்ன என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்துப் படம் எடுக்கப் போகும் ஆசை அவளுக்கு. அதைவிட, மகளை இன்னும் நேரில் காணாத வாப்பாவுக்கு ஒரு நல்ல படம் வேண்டும்.

எடுக்கிற படம் உடனே இருவரின் போனிலும் விழும். ஒன்றை எடுத்ததும் போனில் முஸ்தாக்கின் குரல் வந்தது.

"நல்லாரிக்கி புள்ள. தலமாட்டுல கறுப்பா என்ன, பாக்குவெட்டியா? அத எடுத்துட்டு எடு. படத்துக்குள்ள தேவல்லாத சாமான் இரிக்கப்படா."

அதை வைத்தவள் அவளின் அக்கா, றஹீமா ராத்தா. "நாப்பது கழியுமட்டும் இரும்பு இதுல இரிக்கட்டும், எடுத்திராத" என்று சொல்லித்தான் வைத்தாள். ராத்தா இப்போது கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்துக்குத்தானே என்று றுமானா அதை எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

அசர் தொழுகை கழிந்த மாலை வெயில் மருதமுனைக் கைத்தறி விரிப்பின் மேல் சரிந்து கிடக்க, பவுடரும் சாம்பிராணியும் கலந்து மணக்கும் அறைக்குள் கேட்டுக்கொண்டிருந்த துவைக்கும் சத்தம் திடீரென்று நின்றுபோனது. திரையைப் பார்த்தாள். கட்டம் அலுமாரிப் பக்கம் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றது. பிறகு நடுவில்.

நிமிர்ந்து பார்த்தாள். யாருமில்லை. பிஸ்மி சொன்னாள். மறுபடி திரை. இப்போது இரண்டு கட்டம். ஒன்று மகளின் முகத்தில். மற்றது அதற்கு மேலே. மிகக் கிட்ட. விரல் தன்பாட்டில் அழுத்திவிட்டது.

போன் ஒலித்தது.

"இதான் படம்! சிரிக்கிறா பாரு. ராத்தா தூக்கி வெச்சிரிக்காவா? அவட முகம் ஏன் விழல்ல?"

கேமராவை இறக்கினாள்.

பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. விரிப்புக்கு ஒரு சாண் மேலே. பிடரியை, கண்ணில் படாத யாரோ தாங்கியிருந்தார்கள். இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

உட்கார்ந்திருந்த யாரோ எழும்பியதுபோல் கட்டில் கிறீச்சிட்டது. பிள்ளை இன்னும் கொஞ்சம் மேலே போனது.