தூக்கத்தில் நடந்த வழி

துண்டில் எலி மூத்திர நாற்றம் அடித்தது. அது புதிதல்ல; கூண்டு கழுவுகிறவன் துண்டில் அத்தரா மணக்கும்? ஆனால் அன்று காலை வேலைக்கு வந்து பையைத் திறந்ததும் மூக்கில் ஏறிய வாடை வேறு மாதிரி இருந்தது. திரிந்த பாலும் பச்சை ரத்தமும் கலந்த, வெதுவெதுப்பான ஒரு வாடை.

துண்டுக்குள்ளிருந்து ஆராய்ச்சிக்கூடத்து எலி குண்டச்சி எட்டிப்பார்த்தாள்.

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. முந்தின மாலை கூண்டுக் கொக்கியைச் சரியாக மாட்டாமல் விட்டவன் அவன்தான். ஆராய்ச்சிக்கூடம் முழுக்கத் தேடியும் எலி அகப்படவில்லை. வேலை போய்விடுமே என்ற பயத்தில் யாரிடமும் மூச்சுவிடாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். அந்த எலியோ அவன் பையிலேயே வீடுவரை சவாரி போய்த் திரும்பியிருக்கிறது.

ஒவ்வொரு எலியும் ஓடி முடித்ததும் சோதனைப் பாதையை ஸ்பிரிட் ஊற்றித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த எலி மூளையை மறந்து மோப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். நேற்றுத் துணி தீர்ந்துபோகவே, சொந்தத் துண்டால் துடைத்து அதை அப்படியே பையில் சுருட்டி வைத்தான். குண்டச்சி பைக்குள் ஏற அந்த வாசனை போதாதா?

சத்தமில்லாமல் அவளைச் சோதனை அறைப் பெட்டியில் விட்டான். உள்ளங்கை பிசுபிசுத்தது, கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். தொப்பையைப் பார்த்துத்தான் குண்டச்சி என்று பெயர் வைத்திருந்தான். இன்று வயிறு தொளதொளவென்று தொங்கியது. பட்டினி கிடந்திருப்பாள், பாவம் என்று நினைத்தான்.

எலிகளுக்காக அந்த அறையில் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா வந்து உட்காருவதற்குள் குண்டச்சி தூங்கிப்போனாள். அவள் தலையில் ஒட்டியிருந்த சின்னக் கருவி மூளையின் துடிப்புகளை ஒலிபெருக்கிக்கு அனுப்பியது. சோளம் பொரிவது மாதிரி சத்தம். நடந்த வழியை மூளை தூக்கத்தில் மறுபடி நடந்து பார்க்கும், அப்படித்தான் வழி நினைவில் தங்கும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருக்கிறார். அந்த வழி இப்போது திரையில் ஒரு கோடாக ஊர்ந்தது.

"இது நம்ம பாதை இல்லையே," என்றார் டாக்டரம்மா. "நேரா போகுது. பெருசா எதையோ சுத்துது. அப்புறம் ஒரு சந்து. அங்க நின்னுட்டுத் திரும்பி வருது. மறுபடியும் அங்கயே போகுது. எதையோ ஒண்ணொண்ணா தூக்கிட்டுப் போய் வெக்கிற மாதிரி இருக்கு."

அவன் கோட்டைப் பார்த்தான். நேராகப் போவது அவன் வீட்டுக் கூடம். அதன் கதவோரம்தான் பையை வைப்பான். சுற்றிப் போவது பீரோவை. சந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில். அங்கே தரையில் ஒரு மெத்தை. கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிற, பல் முளைக்கும் வயதிலிருந்த மகள் கதகதப்பாகப் போர்த்திக்கொண்டு தூங்கும் மெத்தை.

சத்தம் பொரிந்தது. கோடு போனது. வந்தது. போனது.

பைக்குள் கைவிட்டான். துண்டு ஈரம். மடிப்புக்குள் ஏதோ விரலில் பட்டது. மெத்தென்று. வழுக்கலாக. சூடாக.

நெளிந்தது.

ரோமம் இல்லை. கண் திறக்கவில்லை. வெறும் இளஞ்சிவப்புத் தோல். தூக்கிக்கொண்டுபோக மிச்சமிருந்த கடைசிக் குஞ்சு.

வீட்டுக்கு வீடியோ கால் போட்டான். பாப்பா எங்கே என்று கேட்டான்.

"இப்பதாங்க எழுந்தா," என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து நடந்துகொண்டே. "அதிசயமா இன்னிக்கு அழவே இல்ல. போர்வைக்குள்ள தானா விளையாடிட்டு இருக்கா. இருங்க, காட்டுறேன். பாப்பா, இங்க பாரு, அப்பா."

திரையில் மகள். கன்னம் உப்பியிருந்தது. மென்றுகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் சிரித்தாள். உதட்டோரம் மெல்லிய வால் ஒன்று தொங்கி, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.