கட்டைவிரல் மறக்காதது

கவின்குமாரின் வலது கைக்கு முதலில் எது ஞாபகம் வரும் என்று வீட்டில் பந்தயமே நடந்தது. பைக் ஆக்சிலேட்டரைத் திருகும் என்றார் மச்சான் ஹரீஷ். பந்து வீசும் என்றார் கவின்குமார். கல்லூரி அணியில் ஆஃப் ஸ்பின் போட்டவர். மனைவி மதுமிதா சிரித்தாள். "சோறுதானுங்க. அறுபத்து நாலு வருசமா மூணு வேளையும் பண்ணுன வேலை. இதுக்கெதுக்குப் பந்தயம்?"

சிரித்தாலும் அவளுக்கு அது விளையாட்டில்லை. பக்கவாதத்தில் அவருடைய வலது பக்கம் செயலிழந்து பதினோரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து கவின்குமார் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுகிறார். இடது கையால் சோறு தொடமாட்டார்; மனைவி ஊட்டிவிடுவதையும் யாரும் பார்க்கக் கூடாது. தம்பி மகள் கல்யாணத்துக்குப் போனவர், பந்தி போடும் முன்பே கிளம்பி வந்துவிட்டார். தன் கையால் எடுத்து ஒரு வாய் சாப்பிட்டால் போதும், அப்புறம் எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

ஈரோட்டுக் கைப்பயிற்சி நிலையத்தில் நன்முகை என்ற இளம் பயிற்சியாளர் அவருக்கு நினைவுறையை மாட்டினாள். தோளிலிருந்து விரல் நுனிவரை மூடும் மெல்லிய உறை. மடக்கு, நீட்டு என்று அது கையை வதைப்பதில்லை. நரம்பில் எந்த அசைவு ஆழமாகப் பதிந்திருக்கிறதோ அதைத் தேடிப் பிடித்து, அந்தத் தடத்திலேயே கையை மெள்ளக் கூட்டிப்போகும். தினம் இருபது நிமிடம், நாற்பது நாள். பிறகு உறை இல்லாமலே கை அந்த வேலையைச் செய்யும். ஆனால் ஒரு கைக்கு ஒரு தடம்தான் தேறும்.

"ஆரம்பிக்கலாமுங்களா ஐயா?"

உறை லேசாகச் சூடேறியது. மடியில் கிடந்த கை அசைந்தது. கை மெதுவாக எழும்பி நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. நான்கு விரல்களும் எதையோ தாங்குவதுபோல் வளைந்தன. கட்டைவிரல் மட்டும் கீழிருந்து மேலே ஒரு தள்ளு தள்ளியது. மறுபடியும் தள்ளியது. மறுபடியும்.

"இதென்ன, பூச்சியத் தட்டிவுடுதா?" என்றாள் மதுமிதா.

கவின்குமாருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். "போன், அம்மிணி."

கைபேசி ஒழிந்து இருபது வருடமாகிறது. காதிலேயே பேசும் காதுமணியும் கண்ணிலேயே படம் காட்டும் கண்வில்லையும் வந்தபிறகு அதைக் கையில் வைத்திருப்பவர் யாருமில்லை.

"இந்த மாசம் நீங்க முப்பத்தோராவது ஆளுங்க," என்றாள் நன்முகை. "அறுபது தாண்டுன கையெல்லாம் இதத்தான் செய்யுதுங்க."

மதுமிதாவுக்குக் கோபம் வந்தது. "சோத்தவிட அதத்தான் அதிகமாத் தொட்டிருக்கீங்க!" என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "வேற வழி இல்லையா கண்ணு?" என்று நன்முகையிடம் கேட்டாள்.

"கொடைத்தடம் இருக்குதுங்கம்மா. நீங்க ஒரு உறை போட்டுக்கிட்டா உங்க கைத்தடம் ஐயாவுக்குப் போகும். என் கையெல்லாம் சேராதுங்க. கூடவே வாழ்ந்த கையைத்தான் நரம்பு ஏத்துக்கும்."

"கொண்டா இங்க," என்று மதுமிதா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பது வருடம் சோறு ஆக்கிய கை, பதினோரு மாதம் ஊட்டிய கை. அது என்ன சொல்லிவிடப்போகிறது?

அது எழும்பி நெஞ்சுக்கு நேராக நின்றது. விரல்கள் வளைந்தன. கட்டைவிரல் மேலே தள்ளியது.

எதிரெதிரே இரண்டு கைகள், வெறுங்காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தன. கவின்குமார்தான் முதலில் சிரித்தார்.

"பெருந்துறை ரோட்டு வாடகை வீடு ஞாபகமிருக்குதா? மழ பெஞ்சு கரண்ட் போயிருச்சுன்னா, சோபால நீ ஒரு மூல, நா ஒரு மூல. போன் வெளிச்சத்துல மூஞ்சி மட்டும் நீலமாத் தெரியும்."

"ஒரே சோபால உக்காந்துக்கிட்டு எனக்கு குட் ஈவினிங் அனுப்புனீங்களே!"

"நீ அதுக்கு ஹார்ட்டு போட்டியே!"

இருவருக்கும் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு. அந்த வீட்டு ஓட்டுக் கூரையின் மழைச்சத்தமும் அடுப்பில் காபி கொதித்த வாசனையும் அவளுக்கு அப்படியே வந்துபோயின. சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்: "அத்தன வருசம் அப்படி என்னதானுங்க பாத்தோம்?"

அவர் வெகுநேரம் யோசித்தார். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

எதுவுமே அசையாமல் கிடப்பதற்கு இதுவாவது அசையட்டும் என்று அவருடைய தடத்தையே எடுத்துக்கொண்டார்கள். நாற்பது நாள் முடிந்தது. நினைத்தவுடன் கை நெஞ்சுவரை வந்தது; அதற்கு மேல் வரவில்லை.

அன்று மதியம் அரிசிம்பருப்பு சாதம். வளைந்து நின்ற அந்த நான்கு விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த மதுமிதாவுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. ஒரு கவளத்தை உருட்டி அந்த விரல்களில் வைத்தாள்.

"குனிங்க."

"என்னது?"

"போன் பாக்குற மாதிரி குனிங்க!"

குனிவதற்கு அந்தக் கழுத்துக்குப் பாடம் தேவைப்படவில்லை. உதடு விரல்நுனியைத் தொட்டது. கட்டைவிரல் மேலே தள்ளியது. சாதம் வாய்க்குள் போனது. கையால் சாப்பிடுகிற எவரும் கட்டைவிரலால் தள்ளித்தானே உண்கிறார்கள்!

கவின்குமார் கண்ணை மூடி நிதானமாக மென்றார். "உப்பு கம்மி," என்றார். மதுமிதா அழுதுகொண்டே போய், சாத்தியிருந்த கதவை அகலத் திறந்துவைத்தாள்.

அவள் வைக்க வைக்க அவர் தின்றார். தட்டு காலியானது. "போதும் அம்மிணி, வயிறு ரொம்பிருச்சு." ஆனால் கை கேட்கவில்லை. கட்டைவிரல் தள்ளிக்கொண்டே இருந்தது. அவர் முகம் சுருங்கியது. "நிக்கமாட்டேங்குது…"

மதுமிதா காதுமணியைத் தொட்டு நன்முகையைக் கூப்பிட்டாள்.

"எல்லா வீட்லயும் இதே கததானுங்கம்மா," என்றாள் அவள். "ஆரம்பிக்கிற தடம் இருக்குது. நிறுத்துற தடம்னு ஒண்ணு அந்தக் கைங்கள்ல கெடைக்கவே இல்ல. அப்பெல்லாம் எப்படீங்க நிறுத்துவீங்க?"

மதுமிதா யோசித்தாள். "சார்ஜ் தீந்துரும். இல்லைனா தூங்கிருவோம்."

பிறகு அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். கட்டைவிரல் அவள் உள்ளங்கையில் மேலே, மேலே என்று உரசிக்கொண்டிருந்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்த விரல் அவளை இவ்வளவு நேரம் தொட்டதில்லை. அது தேடுவது தன்னையல்ல என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை.