காலடி வாக்கு

வாக்கு வாரத்தில் ஊரில் யாரும் உட்காருவதில்லை. நகராட்சிப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று கேட்டால் ஜனங்கள் வாயில் ஒன்று, மனசில் ஒன்று வைத்திருப்பார்கள், கால் மட்டும் பொய் சொல்லாது என்று எவனோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்ததன் விளைவு இது. தெருவெல்லாம் காலடிகளை எண்ணும் அடியுணரிகளைப் புதைத்தார்கள். வாக்கு வாரத்தில் அதிகம் மிதிபட்ட தெருவுக்குத்தான் அந்த வருடப் பணம். என்ன வேலை தேவை என்பதையும் காலடிகளைப் படித்து இயந்திரமே முடிவு செய்யும்.

பூங்காத் தெருக்காரர்கள் காற்று வாங்க நடந்தே ஒவ்வொரு வருடமும் வென்றார்கள். செக்கடிச் சந்தில் சாக்கடை உடைந்து கிடந்தது. நாற்றத்துக்குப் பயந்து ஆட்கள் சுற்றிப் போனார்கள். ஆள் நடக்காததால் பணம் வரவில்லை, பணம் வராததால் சாக்கடை அப்படியே கிடந்தது.

சகாயராணியின் வீட்டுக்குள் மழைக்கு மழை அந்தத் தண்ணீர் வந்தது. மகள் மறுபடியும் வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய அன்று அவளுக்குப் பொறுமை போய்விட்டது. வீடு வீடாகக் கதவைத் தட்டினாள்.

"இந்த வாக்கு வாரம் நம்ம சந்துலயே நடப்போம். போயிட்டு வந்துக்கிட்டே இருப்போம்."

"இந்தத் தண்ணியிலயாக்கா?" என்றான் எதிர்வீட்டுக் கமால்.

"எம்பொண்ணு இந்தத் தண்ணியிலதான் தூங்குறா."

கமால் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினான்.

நடந்தார்கள். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தார்கள். இடம் போதாமல் இடித்துக்கொண்டார்கள். சண்டையைக்கூட நடந்துகொண்டேதான் போட்டார்கள். படுத்தாலும் சகாயராணியின் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. இந்நேரம் பூங்காத் தெரு நடக்கிறதோ என்று எழுந்துவிடுவாள்.

செக்கடிச் சந்து வென்றது. சகாயராணி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

மறுநாள் சர்வேயர் வந்து வீட்டுச் சுவர்களில் சிவப்புக் கோடு போட்டார்.

"சார், சாக்கடை கீழ இருக்கு. செவுத்துல என்ன பண்றீங்க?"

"சாக்கடை பத்தி இயந்திரம் ஒண்ணும் சொல்லலையேம்மா," என்றார் அவர், மூக்கைப் பொத்திக்கொண்டே. "ஊர்லயே நெரிசல் இங்கதானாம். இந்தச் சந்த அகலப்படுத்தச் சொல்லிருக்கு. ரெண்டு பக்கமும் வீடு போகுது."

"ஐயோ, வேணாம் சார்! யார்கிட்ட சொல்லணும்?"

"வாயால சொல்றத எடுத்துக்க மாட்டாங்க. ஆட்சேபணை வாரம்னு ஒண்ணு இருக்கு. அந்த வாரம் ஒருத்தரும் சந்துல கால் வைக்கலன்னா தானா ரத்தாயிடும்."

வீட்டை விட்டு வெளியேற அந்தச் சந்தை விட்டால் வேறு வழியில்லை. கதவுகள் மூடிக்கொண்டன. ஆட்சேபணை வாரம் தொடங்கிய அன்றே மழை பிடித்துக்கொண்டது.

"அம்மா, தண்ணி வருது."

"வரட்டும். கால மேல தூக்கி வச்சுக்க," என்றாள் சகாயராணி. கட்டிலில் மகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால்கள் மட்டும் ஆடிக்கொண்டேயிருந்தன.